ஒன்பது நாள் முந்தியவர்

அவர் முதன்முதலாக எங்கள் தையல் கடைக்கு வந்தது சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டையைப் பிரிப்பதற்காக. ராணுவ முகாமுக்குள் இருக்கிற கடை அது. கான்டீனுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒற்றை அறை, மூன்று தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை. பட்டை தைக்க வருகிறவர்கள் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வருவார்கள். பிரிக்க வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். இவர் நேரம் பார்க்கவில்லை. ஐந்து சட்டைகளை மேசை மேல் வைத்து, "மூணுல ஒண்ணை எடுத்துடணும் தங்கச்சி. ரெண்டு போதும்" என்றார்.

எங்கள் தையல் மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்ன சார், குடிச்சிட்டு மாட்டிக்கிட்டீங்களா?"

"அதுக்குக்கூட நேரம் கிடைக்கல மாஸ்டர். மாத்தல்ல வந்திருக்கேன்."

மூன்றாவது பட்டை தற்காலிகமாகக் கொடுத்தது. தற்காலிகப் பட்டை ஆளுக்குச் சொந்தமில்லை, படைப்பிரிவுக்குச் சொந்தம். பிரிவை விட்டு வருகிறவர் அதையும் விட்டுவிட்டு வர வேண்டும். பிளேடால் தையலை அறுத்து எடுத்தேன். வெயிலில் துணி வெளுத்திருந்தது. பட்டை இருந்த இடம் மட்டும் பழைய பச்சையிலேயே இருந்தது. அழுத்தித் துவைத்தால் போகுமா என்று கேட்டார். போகாது என்று தலையாட்டினேன்.

அப்போது அவருக்குப் பதினாறு வருடச் சர்வீஸ். ஆனால் எங்கள் முகாமின் மூப்புப் பட்டியலில், இரண்டு பட்டை உள்ளவர்களில் கடைசிப் பெயர் அவருடையது. பதினோராவது. தானாக மாற்றல் கேட்டு வருகிறவர் போன இடத்தில் கடைசியில்தான் நிற்க வேண்டும். மேலிடமே தேவைக்காக அனுப்பினால் மட்டும் பழைய வருடங்களும் கூடவே வரும். இந்தச் சட்டமெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அவர் விஷயத்தில் ஒரு கொடுமை உண்டு. அவர் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்து, ஆர்டரும் வாங்கிக்கொண்டு கிளம்பிய ஒன்பதாம் நாள், அவருடைய பழைய பிரிவையே கலைத்துவிட்டார்கள். அங்கிருந்த எல்லோரையும் தேவைக்காக என்று எழுதி வேறு வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். எல்லோருடைய மூப்பும் அப்படியே இருந்தது. இவருடையது மட்டும் போய்விட்டது. ஒன்பது நாள் பொறுத்திருந்தால் இங்கே முதல் பெயராக வந்து இறங்கியிருப்பார்.

இது முகாமுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகவில்லை. அதற்கப்புறம் அவர் பெயரே 'ஒன்பது நாள்' ஆகிவிட்டது. கான்டீன் வரிசையில் நின்றால், "ஒன்பது நாள் சார், இன்னைக்கு வந்து நிக்கிறீங்களே, சாப்பாடு அடுத்த வாரம்தான்" என்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் உடனே பழையபடி ஆகிவிடும். விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மாற்றல் கேட்டபோது அவர் மனைவி இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. மகளுக்கு ஏழு வயது. இந்த ஊரில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தக் குழந்தை ஷூவைக் கழற்ற மாட்டாளாம். ஷூவோடு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாளாம். அப்பா வந்தால் உடனே கிளம்ப வேண்டுமாம். சித்தி போனில் இதைச் சொன்ன அன்றைக்கே இவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பொறுத்திருக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அது இன்னும் ஒன்பது நாள் ஷூவோட உக்காந்திருக்கும் தங்கச்சி" என்றார்.

வந்தாரே தவிர, மகளை அழைத்து வைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டு பட்டைக்காரர்களுக்கு முகாமில் படுக்கைக் கூடம்தான். வெளியே வீடு எடுத்துத் தங்க அனுமதி கிடையாது. மூன்று பட்டை வந்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை, ஒரு சமையலறை. அதனால் அவருக்கு எல்லாமே அந்த மூன்றாவது பட்டைதான். அதற்கும் ஒரு கெடு இருந்தது. இருபத்திரண்டு வருடம் முடிவதற்குள் மூன்று பட்டை வராதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை.

படுக்கைக் கூடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கட்டில்கள் மூப்புப் பட்டியல் வரிசையில்தான் இருக்கும். முதல் பெயருக்கு உள்ளே ஜன்னல் ஓரம். கடைசிப் பெயருக்குக் கதவோரம், போகிறவர் வருகிறவர் எல்லோரும் இடித்துக்கொண்டு போகிற இடம். ஒருவர் மேலே போனாலோ ஓய்வு பெற்றாலோ, மிச்சம் இருப்பவர்கள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஒரு கட்டில் நகர்வார்கள். மெத்தை உறை மாற்றிப் போட நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவர் கதவிலிருந்து ஜன்னலுக்குப் போய்ச் சேர ஆறு வருடம் ஆனது. தலைமாட்டில் ஒரு போட்டோ கிடையாது, காலண்டர் கிடையாது. மடித்த போர்வை, ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போவதற்கென்று தனியாக வைத்த ஒரு வெள்ளைச் சட்டை.

ஆறாவது வருடம் நவம்பரில், வருகிற ஜனவரியில் மூன்று பட்டைக்காரர் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. இவருடைய கெடு மார்ச் கடைசி. பட்டியலில் முதல் பெயர் இவர். மாஸ்டர் பட்டைத் துணியைக்கூட எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்.

டிசம்பர் நடுவில் வேறு முகாமிலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்து இறங்கினார். இரண்டு பட்டை. தேவைக்காக அனுப்பப்பட்டவர். இவருடைய பழைய பிரிவில் இவருக்கு நாலு வருடம் இளையவர். கலைக்கும்வரை பொறுத்திருந்தவர்களில் ஒருவர். அவருடைய வருடங்கள் அவரோடு வந்தன. அலுவலகச் சுவரில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் புதியவர். இரண்டாவது இவர்.

அன்றைக்கு நான் உறைகளோடு கூடத்துக்குப் போனபோது, இவர் மெத்தையைச் சுருட்டி ஜன்னலோரக் கட்டிலைக் காலி செய்துகொண்டிருந்தார். புதியவர் பெட்டியோடு தள்ளி நின்றார்.

"அண்ணே, வேணாம்ணே. நான் கதவுகிட்டயே படுத்துக்கறேன்."

"லிஸ்ட்ல எப்படியோ அப்படித்தான்ப்பா. இந்த ஜன்னல் கொக்கி சரியா மாட்டாது. காகிதம் மடிச்சு வெச்சிருக்கேன், எடுத்துடாதே" என்றார்.

கோபமாக இருந்தாரா என்று பார்த்தேன். இல்லை. உறையின் நுனியைப் பிடித்து எனக்கு உதவி செய்தார்.

ஹெட் கிளார்க் நல்ல மனிதர், வாய்தான் கத்தி. அவரே தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் ஒரு முகாமில் மூன்று பட்டைக்கு ஆள் இல்லை. இவர் சம்மதித்தால், தேவைக்காக என்றே எழுதி அனுப்புவார்கள். போய்ச் சேருகிற அன்று பட்டை, கூடவே குவார்ட்டர்ஸ். வேண்டாம் என்றால் மறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை மறுத்தவர் பெயரை மறுபடி எடுக்கவே மாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில்.

சனிக்கிழமை மதியம் குடும்பத்தார் முகாமுக்குள் வரலாம். அவர் மகளை எங்கள் கடைக்கு அழைத்து வந்தார். பதிமூன்று வயது. பள்ளிக்கூடப் பாவாடை குட்டையாகிவிட்டது, மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். அவளை முக்காலி மேல் நிற்கச் சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். ஊசி குத்தியிருந்ததால் அவளால் நகர முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் அப்போது பேச்சை எடுத்தார்.

"அங்க ரெண்டு ரூம் இருக்கும்மா. ஒண்ணு உனக்கு."

"ஸ்கூல்?"

"கேம்புக்குள்ளயே. நடந்தே போயிடலாம்."

"சித்தி?"

"சித்தி லீவுக்கு வருவாங்க."

அவள் முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்த்தினாள்.

"அங்க எனக்கு யாரைப்பா தெரியும்?"

"என்னைத் தெரியுமே."

"உங்களை ஞாயித்துக்கிழமை தெரியும்ப்பா" என்றாள்.

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். பிறகு அவளே, "நீங்க போங்கப்பா. நான் லீவுக்கு வரேன். நிஜமா வரேன்" என்றாள். அவர் அவள் காலடியில் விழுந்திருந்த ஓர் ஊசியை எடுத்து என் டப்பாவில் போட்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் முன் கடை வாசலில் நின்றார். மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை.

"பேசாம பட்டையை வாங்கிட்டுப் போங்க சார். பொண்ணுதான் லீவுக்கு வரேன்னுதே."

"வரும் மாஸ்டர். இப்ப ஞாயித்துக்கிழமை தெரிஞ்சவன். அங்க போனா வருஷத்துக்கு ரெண்டு தடவை தெரிஞ்சவனா ஆயிடுவேன்."

அலுவலக ஜன்னல் எங்கள் ஜன்னலுக்கு எதிரே. ஹெட் கிளார்க் கத்தியது எங்களுக்கும் கேட்டது. "யோவ், ரெண்டாவது தடவையும் உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே! நான் எவ்வளவு அலைஞ்சு வாங்கினேன் தெரியுமா?" இவர் பதில் சொன்னது கேட்கவில்லை. மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, பட்டியல் ஒட்டிய சுவரைப் பார்க்காமல் போனார்.

மார்ச் கடைசி நாள் சட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் எல்லா அடையாளத்தையும் பிரித்துவிட வேண்டும். அந்த வேலையும் என்னுடையதுதான். பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பிரித்தேன். வழியனுப்ப யாரும் வரவில்லை. புதியவர் மட்டும் வந்து பெட்டியை வாயில் வரை தூக்கிக்கொண்டு போனார். புதியவர் சட்டைக் கையில் இப்போது மூன்று பட்டை. அதைத் தைத்ததும் நான்தான்.

முகாமை விட்டு வந்தவர் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்தார். மகள் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்துக்கு எதிர் மாடி. ஐஸ் ஃபேக்டரியில் காலை வேளைக் காவல் வேலை. என் வீடு அதே தெருவில் என்பதால் சாயங்காலங்களில் பார்ப்பேன். நாலு மணிக்குக் கீழே வந்து நிற்பார். முதல் இரண்டு வாரம் அவள் இறங்கி, கையை ஆட்டிவிட்டு, தோழிகளோடு சித்தி வீட்டுப் பக்கம் போய்விடுவாள். அவர் ஆட்டிய கையை உடனே இறக்கத் தெரியாமல் தலையைக் கோதிக்கொள்வார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை அவள் தெருவைக் கடந்து வந்தாள். இரண்டு பேரும் மாடி ஏறினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் மட்டும் இறங்கி ஓடிவந்தார். கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பியவர், நான் தண்ணீர்க் குடத்தோடு நிற்பதைப் பார்த்து நின்றார்.

"தங்கச்சி, இந்த வயசுப் பொண்ணுங்ககிட்ட என்ன பேசணும்? உக்காந்து நோட்டை எடுத்து எழுதுது. நான் என்ன கேட்டாலும் உம்ங்குது."

யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை.

"ஒண்ணும் கேக்காதீங்க அண்ணா. எழுதட்டும். பக்கத்துல சும்மா உக்காந்திருங்க" என்றேன்.

"சும்மாவா?"

"சும்மா."

அவர் பிஸ்கட் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு, சத்தம் வராமல் மாடி ஏறிப் போனார்.