டஸ்டர் எடுத்த எக்ஸாமினர்

டிராயிங் டீச்சர் டிரெயினிங்கில் வருஷம் முழுக்க என்ன கிழித்திருந்தாலும், கடைசியில் ஃபைனல் லெசன் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். அவர் முன்னால், நிஜ வகுப்பில், நிஜப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசரான நான் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். பேசிப் பேசியே பிழைத்தவனுக்கு அது தண்டனைதான்.

எண்பதுகளின் தொடக்கம். அந்த பேட்சில் நன்றாக வரைகிறவர் கமலா. திருநெல்வேலிப் பெண், டெல்லியில் லோதி ரோடு குவார்ட்டர்ஸ்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. பாஸ் செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் ஜூலையில் வேறு ஆள் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

தலைப்பு, 'எங்கள் தெரு'. எல்லாரும் செய்கிறதைத்தான் கமலாவும் செய்தார். முந்தைய நாளே பிள்ளைகளுக்கு ஒரு தெருவைப் பழக்கிவிட்டார். வீடு, மரம், பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். டெல்லியில் எந்தத் தெருவில் மலை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் அதையே கலர் சாக்பீஸில் போர்டில் போட்டு வைத்திருந்தார்.

எக்ஸாமினர் அம்மாள் வந்தார். போர்டைப் பார்த்து, "பஹுத் அச்சா," என்றார். டஸ்டரை எடுத்து முழுதும் அழித்தார். "இப்ப ஆரம்பிங்க." பேச்செல்லாம் ஹிந்தியில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. ஒரு பிள்ளையும் பென்சிலை எடுக்கவில்லை. கமலா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தாலே அவருக்கு மார்க் போய்விடும். தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"மேடம், மலை எங்க போச்சு?" என்றான் முன் பெஞ்ச் பையன். எக்ஸாமினர் ஏதோ குறித்துக்கொண்டார்.

கமலா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தட்டுத்தடுமாறும் ஹிந்தியில் கேட்டார்.

"காலையில எப்படி வந்தீங்க?"

"பஸ்ல."

"பஸ் எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க மேடம், மூச்சு விட முடியல."

"அப்ப இங்க வந்து அதே மாதிரி நில்லுங்க. ஜல்தி."

பாதி வகுப்பு முன்னால் வந்து இடித்துக்கொண்டு நின்றது. ஒருவன் கண்டக்டராகி எல்லாரையும் தள்ளினான். பிறகு உட்கார்ந்து அந்த பஸ்ஸையே வரைந்தார்கள்.

எக்ஸாமினர் ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். தாளில் பஸ் இல்லை, ஒரு முகம்கூட இல்லை. முழங்கைகள், பைகள், வயிறுகள்.

"ஆளுங்க தலை எங்கே?" என்று கமலாவைக் கேட்டார்.

கமலாவின் கை ரப்பர் பக்கம் போனது. தொட்டார்; எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது மேடம். அவளைத்தான் கேக்கணும்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நான் அவ்வளவு உயரம் இல்லையே ஆன்ட்டி."

வெளியே வந்ததும் எக்ஸாமினர், "மாஸ்டர்ஜி, லெசன் பிளானுக்கும் நடந்த பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதுக்கு மார்க் கிடையாது," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். "மிச்சத்துக்குப் போட்டிருக்கேன். பாஸ்."

கமலாவுக்கு வேலை நிலைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஆர்ட் டீச்சராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளையின் படத்தில் ரப்பரை வைக்கும் முன், அது எங்கே நின்று பார்த்தது என்று கேளுங்கள். அநேகமாக ரப்பர் வேண்டியிருக்காது.