கேதத்து வீட்டில் சொன்ன சொல்

கேதம் என்றால் துயரம், வடமொழியிலிருந்து வந்த சொல் என்று அகராதி சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் மஞ்சக்குட்டையில், பனிமூட்டத்துக்குள், அத்தையின் கையைப் பிடித்து நடக்கும்போது வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. காபிச் செடிகள் பூத்திருந்தன. பனியில் செடியும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. வாசனை மட்டும் கூடவே வந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் கேதம் கேட்கப் போகிறோம் என்றாள் அத்தை. என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"ஒன்னும் கேக்க வேண்டாஞ் சாமி. சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வந்தாப் போதும்."

கேட்பது என்று பேர் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வருவது பெரியவர்களுக்குத்தான் கைவரும்.

அப்படியே உட்கார்ந்தோம். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. திடீரென்று அத்தை எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலுக்கு நடந்தாள். ஊருக்கே மரியாதை கற்றுத்தரும் அத்தை இப்படிக் கிளம்பியது எனக்குக் கூச்சமாகிவிட்டது. நானாவது சொல்வோமே என்று, "போய்ட்டு வரேனுங்க" என்றேன்.

வெளியே வந்ததும் தொடையில் கிள்ளு விழுந்தது.

"கேதத்து ஊட்டுல வரேன்னு சொல்லலாமா? மறுபடி கேதத்துக்கு வர்ற மாதிரி ஆயிருமல்ல."

அந்த அம்மாவும் இனிப் பிழைக்க மாட்டார், அதற்கு நான்தான் காரணம் என்று நம்பிவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓடினேன்.

அவர் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்துட்டே இருந்தேன் கண்ணு. எத்தனையோ பேரு வந்தாங்க. வரேன்னு நீ ஒருத்திதான் சொன்னே."

வெல்லக் காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினார். எதிரே அமர்ந்து குடித்தார். வாங்க வந்த சொல்லை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நானும் குடித்து முடித்தேன். பிறகு, இந்த முறையாவது ஒழுங்காக இருப்போம் என்று பேசாமல் எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

"சொல்லிட்டுப் போ கண்ணு" என்றார்.

பயந்து பயந்து, "வரேனுங்க" என்றேன். அவர் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மறுபடியும் தப்பாகத்தான் சொல்லிவிட்டேன் என்று, காபிப்பூ வாசனைக்குள் வீடு வரைக்கும் ஓடினேன்.