ஐந்தாம் கட்டிலுக்கு ஓர் ஆள்

போன மாரியில் துணுக்காயில் வயல் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்கு எலிக்காய்ச்சல் பிடித்தது. கண் மஞ்சளாகி, சிறுநீர் போவதும் நின்ற பிறகுதான் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகம் பழுதாகலாம், உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

"உமக்குத் துணைக்கு நிக்க ஆர் இருக்கினம்?" என்று தாதி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

அது பொய் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மாரியில் வயல், மற்ற நாட்களில் நாயாற்றுக் கடற்கரையில் கரைவலை இழுப்பேன். எங்கும் ஒரு போகத்துக்கு மேல் தங்கியதில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஆண்களில்தான் விருப்பம் வரும். பத்தொன்பது வயதில் ஊர் ஜெபவீட்டில் அதைச் சொன்னேன். எண்ணெய் பூசினார்கள், எனக்காக உபவாசம் இருந்தார்கள். நான் மாறவில்லை. பிறகு, இனி வரவேண்டாம் என்றார்கள். ஆனாலும் 'என்னை மாற்றும்' என்று கேட்பதை நான் நிறுத்தவில்லை.

ஆண்கள் வாட்டில் சேர்த்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுக்கப் பார்த்தேன். அது கட்டிலுக்குக் கீழே உருண்டது. அழுதுவிட்டேன். "மாற்றாவிட்டாலும் பரவாயில்லை ஆண்டவரே, ஓர் ஆளை மட்டும் அனுப்பும்" என்றேன்.

அடுத்த நாள், சேலை கட்டிய ஒரு திருநங்கை கஞ்சிப் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றார். காவலாளி சிரித்தான்.

"உன்னை ஆம்பிளை வாட்டில விடுறதோ, பொம்பிளை வாட்டில விடுறதோ?"

"வருத்தக்காரன் கிடக்கிற வாட்டில விடுங்கோ அண்ணை. கஞ்சி ஆறப்போகுது."

நேரே என் ஐந்தாம் கட்டிலுக்கு வந்தார். பெயர் செல்வி, வவுனியா டவுனில் உள்ள ஒரு சபையிலிருந்து வருகிறார் என்றார். நான் அழுததைக் கேட்ட பக்கத்துக் கட்டில்காரர் அந்தச் சபைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லோரும் பார்த்தார்கள். இவர் பக்கத்தில் நின்றால் என் விஷயமும் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

"எனக்கு வேண்டாம். போங்கோ."

"ஏசுறதுக்கும் பெலன் வேணும் தம்பி. குடிச்சிட்டு ஏசுங்கோ."

குடித்தேன். தினமும் வந்தார். உடம்பு துடைத்துவிட்டார். என் சிறுநீரை அளந்து தாதிக்குச் சொன்னதும் அவர்தான். ஆறாம் நாள் சிறுநீர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்து, "அரைப் போத்தல்! அல்லேலூயா!" என்று கத்தினார். வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன்.

சபையின் கதையையும் அவரே சொன்னார். முன்பொருமுறை அவரைப் போன்ற ஒரு பிள்ளை இதேபோல ஒரு வாட்டில் தனியே கிடந்து செத்திருக்கிறது. போய் நிற்கச் சபையார் வெட்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஞாயிறு போதகர் எல்லோர் முன்னும் அழுது மன்னிப்புக் கேட்டாராம். அன்றிலிருந்து, யாரும் தனியே கிடக்கக்கூடாது என்று முறை வைத்து ஆள் அனுப்புகிறார்கள். எங்களைப் போன்றவர்களும் அங்கே வரத் தொடங்கினார்கள். சில குடும்பங்கள் விலகின. அதற்காக அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை.

சுகமானதும் போதகரிடம் போனேன்.

"ஐயா, ஆண்டவரிட்டை ரெண்டு கேட்டனான். ஒண்டைத்தானே தந்தார். என்னை ஏன் மாத்தேல்லை?"

"உம்மில ஒரு பிழையும் எனக்குத் தெரியேல்லைத் தம்பி. அதுக்கு மேல எனக்கும் விளங்கேல்லை."

எனக்கும் இன்னும் விளங்கவில்லை. சில நாட்களில் பழைய ஜெபம் தானாக வாயில் வரும். பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்தது என்ன சொல்வதென்று தெரியாமல் இருப்பேன். ஆனால் டவுனில் அறை எடுத்திருக்கிறேன். அடுத்த போகமும் இங்கேதான். வியாழக்கிழமை என்னுடைய முறை. போன கிழமை நெடுங்கேணி ஐயா ஒருவருக்குக் கஞ்சி பருக்கினேன்.

ஆளில்லாமல் கிடக்கிறவர்களே, ஆண்டவரிடம் ஓர் ஆளைக் கேளுங்கள். எப்படிப்பட்ட ஆள் வேண்டுமென்று மட்டும் சொல்லாதீர்கள். சுகமாக இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: எங்கள் பட்டியலில் சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை.