மூன்றாந்தரம் சவர்க்காரம்

மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி, இன்று சுன்னாகத்தில். ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே, முந்தின பயிற்சிகளில் கண்ட அதே முகங்கள். அதே சவர்க்காரம், அதாவது சோப், செய்யும் பயிற்சி.

எங்களுக்குப் பழக்க வந்த பயிற்றுநர் ஓர் இளம்பிள்ளை; அவர் நடத்தும் முதல் வகுப்பு இதுதானாம். பாத்திரத்தில் காஸ்டிக் சோடாவைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த கமலாக்காவுக்குக் கண் தெரியாது. வெறும் பாத்திரத்தில் சோடா விழுந்த சத்தமே அவருக்குப் போதும்.

“பிள்ளை, தண்ணியை ஊத்தாதையுங்கோ! முகத்திலை தெறிக்கும். தண்ணிக்கைதான் சோடாவைப் போடவேணும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும், அக்கா?”

“உது எனக்கு மூண்டாந்தரம்.”

அதன்பிறகு கமலாக்கா சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை செய்தார்.

பின்னேரம் அதிகாரி வந்து எல்லோருக்கும் சான்றிதழ் தந்தார். படமும் எடுத்தார்கள்.

“சேர், வேலை ஏதும் கிடைக்குமோ?” என்று கமலாக்கா கேட்டார்.

“அது அடுத்த கட்டம், அக்கா.”

போன தரமும் இதே பதில்தான். நான் சான்றிதழை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்று புதிதாகச் சவர்க்காரம் செய்யப் பழகியவர் ஒரேயொருவர். அந்த வகுப்பில் இருந்தவர்களில் வேலை இருப்பதும் அவருக்குத்தான்.

யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்.