மாடிமேல் ஓடிய தெரு

பழைய வீட்டை விற்று, வில்லாபுரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்த பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பலதடவை எழுந்து பால்கனிக்குப் போய் வருவேன். "என்னங்க, யாரும் வாரேன்னு சொல்லியிருக்காங்களா?" என்று மனைவி கேட்பாள். யாரும் சொல்லவில்லை. மதுரை நகருக்குள் எனக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கிற கடை. அங்கேயும் இதே கதைதான். ஒரு சட்டத்துக்கு நாலு மூலையும் ஆணி அடிப்பதற்குள் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுத் திரும்புவேன்.

அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அக்காவும் நானும் கலந்து பேசித்தான் வீட்டை விற்றோம். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது, மாடித் தளம் ஒழுகியது, மராமத்துப் பார்க்க இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை. வாங்கியவர் இடித்துத் தள்ளிவிட்டு லாட்ஜ் கட்டினார். தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன். ஆரம்பத்தில் அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஒருநாள், எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு பெண், தன் பெற்றோரின் கல்யாணப் படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வருகிற கார். கார் கூரைக்கு மேலே, படத்தின் ஓரத்தில், எங்கள் வீட்டு மாடி முகப்பு: மரக்கம்பிகள் வைத்த அழி, பச்சை ஜன்னல், காயப்போட்ட யாரோ ஒருவரின் கைலி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டு அந்த மூலையை மட்டும் போனில் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கடையில் மிச்சம் கிடந்த தடித்த அட்டைகளில் அந்த முகப்பை வெட்டிப் பார்த்தேன். அட்டை வெட்டுவது என் தொழில், கோணம் பிசகாது. உடைந்த பிரேம் குச்சிகளைச் சீவி அழி செய்தேன். கொசுவலைத் துண்டு கம்பி வலையானது. இரண்டடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு முகப்பை முடித்ததும் கூடம் வேண்டும்போல இருந்தது, கூடம் முடிந்ததும் அடுப்பங்கரை. சாப்பாட்டு மேஜை முழுவதும் வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மனைவி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, "இருந்த வீட்ட வித்துட்டு, இருக்குற வீட்டுல எடமில்லாம பண்றீங்களே" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் கத்தியைக் கீழே வைத்தால் கால் நடக்க ஆரம்பித்துவிடும்.

பசுமலையில் இருக்கிற அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள். கூடத்துத் தூண் சரி, கிணத்தடி சரி என்று தலையாட்டினாள். கடைசியில் மொட்டைமாடியைக் குனிந்து பார்த்தாள்.

"டேய், வழி எங்கடா?"

"எந்த வழி?"

"மாடியில கைப்பிடிச் சுவர்ல ஒரு ஆளு நொழையுற அளவுக்கு வெட்டு விட்டிருந்துச்சே. அது இல்லாம நாங்க எப்படிப் போவோம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். எங்கள் வரிசையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன, மொத்தம் ஏழு. எல்லா மாடிகளுக்கும் நடுவே இப்படி வெட்டு உண்டு. ஓரிடத்தில் இரண்டு படி ஏற வேண்டும், அடுத்ததில் ஒரு படி இறங்க வேண்டும். வீட்டுப் பெண்கள் தைக்கப் போனது, மாவு கடன் வாங்கப் போனது, பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனது எல்லாம் அந்த வழியாகத்தான். "நாங்க தெருவுல நடந்ததவிட மாடியில நடந்ததுதான் ஜாஸ்தி. நீ ஒத்த வீட்ட மட்டும் செஞ்சு வச்சிருக்க. இது எங்க வீடே இல்ல."

பிறந்து ஐம்பது வருடம் இருந்த வீடு. எனக்குத் தெரியாது என்றால் நம்ப மாட்டீர்கள். மாடி எனக்குப் பட்டம் விடுகிற இடம், பட்டம் விடும்போது கீழே யார் பார்த்தார்கள்?

அன்றிலிருந்து ஏழு வீடும் வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. அளவுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டோடு சேர்த்து ஆறு இடிந்துபோய்விட்டன. தெரு முனையில் இருக்கிற முக்கு வீடு ஒன்றுதான் நிற்கிறது. "அந்த மாடி எம்புட்டு உயரம்னு மட்டும் அளந்துட்டு வா. அங்க இருந்து படிப்படியா நம்ம வீடு வரைக்கும் நான் சொல்லிருவேன்" என்றாள் அக்கா.

முக்கு வீட்டுக்காரன் என் பள்ளிக்கூடச் சிநேகிதன். வெங்காய மண்டியில் கணக்குப் பார்க்கிறான். அவனும் அவன் மனைவியும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். அவன் தம்பிக்குத் தல்லாகுளம் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டை விற்க வேண்டும் என்று தம்பியும் கூடாது என்று இவனும் நின்றதில், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுநாளாகிறது. போனில் கேட்டதும், "வந்து அளந்துக்க மாப்ள, வீட்டுல அவ இருப்பா" என்றான்.

நான் இஞ்ச் டேப்போடு மாடி ஏறினேன். வெயில் கொளுத்தியது. கைப்பிடிச் சுவரில் அக்கா சொன்ன வெட்டு அப்படியே இருந்தது. செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள், ஆனால் விளிம்பு தெரிந்தது. தெருவை நோக்கி டேப்பைத் தொங்கவிட்டு உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையிலிருந்து யாரோ தம்பிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவனே வண்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படியேறி வந்தான்.

"அளங்க, அளங்க. எம்புட்டு வருதாம்?"

"தம்பி, நீ நெனைக்கிற மாதிரி இல்லப்பா."

"பாய், எங்க குடும்பத்து விஷயத்துல நீங்க தலையிடாதீங்க. வீடு வாங்க யாரப் பார்ட்டி புடிச்சிருக்கீங்க? எனக்குத் தெரியாம விக்கலாம்னு பாக்குறாரா அவரு?"

சின்ன வயதிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அந்த 'பாய்' என் முகத்தில் அடித்தது போல இருந்தது.

சிநேகிதனின் மனைவி படியில் நின்றபடி, "அவரு ஏதோ அட்டையில வீடு செய்யுறாராம்" என்றாள்.

"அட்டையிலயா? அண்ணி, உங்களுக்கு நல்லா காது குத்தியிருக்காரு."

அதற்குள் அவள் போன் செய்து சிநேகிதனும் மண்டியிலிருந்து வந்துவிட்டான். அண்ணனும் தம்பியும் அத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததை அந்த வெயிலில் நின்று பேசித் தீர்த்தார்கள். அம்மாவைக் கடைசியில் யார் பார்த்தது, யார் எட்டிப் பார்க்காமல் இருந்தது, யாருக்குத்தான் இந்த வீட்டில் பாத்தியதை. கீழே ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். டேப்பைப் பிடித்திருந்த என் விரல் நழுவ, அது சரேலென்று சுருண்டு டப்பாவுக்குள் போய் அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

"என் வீட்டுக்கு வா. கண்ணால பாத்துட்டு அப்பறம் என்ன வேணாலும் பேசு" என்றேன் தம்பியிடம்.

அவன் இறங்கிப் போய் வண்டியை உதைத்தான். "ஏறுங்க" என்றான். தெற்குவாசல் பாலம் தாண்டி வில்லாபுரம் வந்துசேர்ந்தோம். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து நான் என்னென்னவோ வாக்கியம் கோத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை.

மேஜை முன்னால் வந்துதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். எங்கள் வீட்டை முன்னும் பின்னும் பார்த்தான். அதை ஒட்டி, மற்ற வீடுகளுக்காக நான் வரைந்து வைத்திருந்த வெற்று அட்டையையும் பார்த்தான். அதன் ஓரத்தில் விரலை வைத்தான்.

"எங்க வீடு எங்க?"

"அதுக்குத்தாம்பா டேப்போட வந்தேன்."

மனைவி தண்ணீர் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தான். "ஒரு வார்த்த எங்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபம் தீர்ந்துதான் போனானா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகும் நான் கதவுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து சிநேகிதன் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னான்: "வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டோம் மாப்ள. அன்னைக்கிக் கத்துனதுக்கப்பறம் அவன் மறுபடி வந்தான். உக்காந்து பேசுனோம். எனக்கும் படியேற முடியல. எத்தன நாளைக்கி புடிச்சு வைக்க?"

அவன் முகத்தில் வருத்தத்தைவிட ஓர் ஆசுவாசம்தான் தெரிந்தது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறாமல் இருந்திருந்தால் அந்த வீடு இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்குமோ? கடையைச் சாத்திவிட்டு, மாசி வீதிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அக்காவிடம் போனில் சொன்னபோது, "நீ அளக்காட்டியும் வித்துருப்பாங்க. ஒன்னால ஒரு வீடு விழுகுதுன்னா நீ என்ன புல்டோசரா?" என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் மனம் அமரவில்லை.

வீட்டைக் காலி செய்கிற வாரம் சிநேகிதன் போன் செய்தான். "வா மாப்ள, ஆசை தீர அளந்துக்க. இனி யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க." அக்காவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மூட்டுவலிக்காரி. ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறினாள். மேலே தம்பி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். நான் டேப்பை இழுத்ததும், "அண்ணே, இந்த முனைய நான் புடிச்சுக்கவா?" என்றான். நான் முனையை அவன் கையில் கொடுத்தேன்.

சுவர் உயரம், வெட்டின் அகலம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி கட்டுகிற வளையம் எல்லாவற்றையும் அளந்தோம். அடைபட்ட வெட்டுக்கு அந்தப் பக்கம் இப்போது ஜவுளிச் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் மொட்டைச் சுவர் எழும்பி நிற்கிறது. அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். அவை ஊதுகிற சூட்டில் அக்காவின் முக்காடு படபடத்தது. அவள் நகரவில்லை.

"என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி நான் காணாமப் போனேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எப்படி மறக்கும்? அத்தா என்னை சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். வீட்டு ஆண்கள் எல்லோரும் தெருத் தெருவாகத் தேடினோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் அவளே அடுப்பங்கரையில் நின்றாள். எங்கே போனாள் என்று கடைசிவரை அம்மா சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் விடவில்லை.

"இங்கதான் இருந்தேன். இவங்க அம்மாவோட உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தேன். நீ சைக்கிள்ல அழுதுக்கிட்டே போறத இந்தச் சுவர்ல இருந்து பாத்தேன். கூப்பிடலாம்னுதான் இருந்துச்சு. கூப்பிட்டா வழி தெரிஞ்சு போகுமே, அதான் கூப்பிடல."

"ஏன் ஓடிவந்தீங்க அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"பயம். வேறென்ன? மறுநாளு மறுபடி வந்து பாத்துட்டுப் போனாங்க. அந்த மாப்ளதான் இப்ப இவன் மச்சான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்ல மனுசன்தான். அன்னைக்கி அது எனக்குத் தெரியுமா?" என்றாள்.

நாங்கள் கீழே அலைந்துகொண்டிருந்தபோது அவள் எங்கள் தலைக்கு மேலே நடந்து போயிருக்கிறாள். தெருவில் எத்தனை வருடம் திரிந்தேன், ஒருநாளாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

முக்கு வீட்டை முன்னால் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். இடிப்பு நடக்கிறது. நான் அதை அட்டையில் இரண்டாகச் செய்தேன்: ஒன்று வரிசைக்கு, ஒன்று சிநேகிதனுக்கு. அவன் வாடகை வீட்டில் பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறான். தூசி தட்டி மாளவில்லை என்று அவன் மனைவி குறைப்படுகிறாள். தம்பி எப்போதாவது வருகிறானாம். இரண்டு பேரும் டிவி பார்த்துவிட்டுக் கலைகிறார்கள், அதிகம் பேசுவதில்லையாம்.

என் மேஜையில் இன்னும் ஐந்து வீடு பாக்கி. முக்கு வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு அக்கா போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுப்புகிறேன். அவளும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். நேற்று இரண்டு படி ஏற வேண்டும் என்றாள், ஒட்டிவிட்டேன். இன்று காலை நான் பல்துலக்குவதற்குள் போன். "டேய், அது ஏத்தம் இல்லடா, எறக்கம். பாவாடை தடுக்கி விழுந்தது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

பசை காய்ந்துவிட்டது. பிய்க்க வேண்டும். கத்தி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். "மொதல்ல உக்காந்து டீயக் குடிங்க" என்கிறாள் மனைவி.