ஜிடிபி போனால் ஜிடிபி

செல் உயிரியல் நடத்துகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாததைக் கையை ஆட்டியே நம்ப வைக்கும் பிழைப்பு. உங்களில் வாத்தியார் யாராவது இருந்தால் அந்தத் தோள்பட்டை வலி தெரிந்திருக்கும். அரிமளத்திலிருந்து பஸ் ஏறிக் காலேஜுக்குப் போய் நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஒரே பெயர்

செல்லுக்குள் சரக்கெல்லாம் குட்டிச் சவ்வுப் பைகளில்தான் போகும். பை சரியான இடத்தில் போய்ச் சேர, அதன்மேல் ராப் என்ற சின்னப் புரதம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று பாஸ்பேட் உள்ள மூலக்கூறு அதைப் பிடித்திருந்தால் விழிப்பு, இரண்டு பாஸ்பேட் உள்ளது பிடித்திருந்தால் தூக்கம்; பின்னது போய் முன்னது வந்தால் மறுபடி விழிப்பு. ஆங்கிலத்தில் முன்னது GTP, பின்னது GDP, நடு எழுத்து வேறு. நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிப் போட்டேன் பாருங்கள், இரண்டுமே ஜிடிபி! நான் கவனிக்கவே இல்லை. முன் பெஞ்சு முத்துலட்சுமி எழுந்தாள்.

"மேடம், ஜிடிபி போயி ஜிடிபி வந்தா, போனது யாரு, வந்தது யாரு?"

கயிறு

விழித்த ராப்பை அடையாளம் கண்டு, எதிர்ச் சவ்விலிருந்து நீளமான புரதம் ஒன்று பையைப் பிடித்து இழுக்கும். "படகைக் கரையில கட்டுற மாதிரி" என்றேன். கடலோர ஜெகதாப்பட்டினத்துச் செல்வம் பாடத்தைக் காதில் வாங்கியது அன்றைக்குத்தான்.

"கரையில ஆளு நிக்கணும் மேடம், இல்லாட்டி எத்தன தடவ கயிறு வீசினாலும் தண்ணியிலதான் கெடக்கும்."

வாரேன்

நான் கரையில் நிற்கிற ஆள்தான். என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். பாப்பாவை ஜூனில் எல்கேஜி சேர்க்கிறோம். முதல் நாள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவரும் லீவு கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டபாடில்லை.

போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில், "இந்தத் தடவை இல்லைனுட்டாங்க புள்ள" என்றார். "அதுக்கென்ன, இங்க நான் பாத்துக்கிறேன், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சிரித்துச் சமாளித்தேன். நம் ஊர் வழக்கப்படி "சரி, வாரேன்" என்று சொல்லி போனை வைத்தார். அவ்வளவுதான், பாப்பா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டாள். தெருவில் ஆளே இல்லை. என் மாமியார் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். "போறவுக போறேன்னு சொல்லக்கூடாதுடா தங்கம், வாரேன்னுதான் சொல்லணும்" என்றார். பாப்பா கேட்டைக் கையால் காட்டினாள்.

"அப்ப நெசமா வரயில அப்பா என்ன சொல்லும்?"

அடுத்த தடவை அவரை "வைக்கிறேன்" என்று சொல்லி முடிக்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை அந்த "வாரேன்" எனக்கும் வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய!