திருவேங்கடம் மூக்கால் தடுத்த பந்து

கல்கத்தாக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணியில் திருவேங்கடத்துக்குக் கோல்கீப்பர் வேலை கிடைத்ததற்குக் காரணம் திறமை அல்ல, அவனுடைய அகலம். கோல் விழுந்தால் போதும், மற்ற பத்து பேரும் இந்த மதராஸிப் பையனைத்தான் ஏசுவார்கள். முதலில் வாயைத் திறப்பவன் கேப்டன் நிருபேன்.

1909இல் பருவத்தின் முதல் ஆட்டமே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களோடு. மைதானமெல்லாம் சேறு. நிருபேன் வழுக்கி விழுந்தபடியே எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டான். அதன்பிறகு அத்தனை பேரும் வெறுங்காலோடு உதை வாங்கிக்கொண்டே கோலை மறித்து நின்றார்கள். கடைசியாக வந்த பந்தைத் திருவேங்கடம் மூக்கால் தடுத்தான். வேண்டுமென்று அல்ல, விலக நேரமில்லை.

வீட்டில் அம்மா நாகலக்ஷ்மி அலறினாள். "ஏண்டா, இது மூக்கா, கத்திரிக்காயா?"

"ஜெயிச்சுட்டோம்மா."

"யாரு, மூக்கா?"

அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். திருவேங்கடம் வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னுடையது," என்றான் நிருபேன்.

"இல்லை, பந்தைக் கோட்டை விட்டது நான்," என்று இன்னொருவன் பாய்ந்தான். பத்து பேரும் தப்புக்காக அடித்துக்கொள்ளாத குறை. திருவேங்கடத்துக்கு வந்த கோபத்தில் வங்காளம் மறந்து தமிழ் வந்துவிட்டது.

"மூணையும் விட்டது நான்டா! என் பங்குல எவனும் கை வைக்காதீங்கோ!"